கோப்பையை ஆட்டும் வரை

கஜமுகன் தன் தாயைப் பற்றிச் சொன்னது சின்னப் பொய்தான். அமெரிக்காவுக்கு வந்த எங்கள் ஆட்களில், ஊரில் இருந்த வீட்டுக்கு ஒரு மாடி கூட்டிச் சொல்லாதவர் யார்? கஜமுகன் தகப்பனுக்கு ஒரு பட்டத்தைக் கூட்டிச் சொன்னான். அப்பா குவைத்தில் எண்ணெய்க் கம்பனியில் எஞ்சினியர். அம்மாவும் அவரோடு கனகாலம் அங்கேதான் இருந்தவ. அப்பா காலமான பிறகு கொழும்புக்கு வந்துவிட்டா. இதில் குவைத் உண்மை. கனகாலமும் உண்மை. எஞ்சினியர்தான் பொய், ஆனால் மற்ற எல்லாம் அந்தப் பொய்யின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

அவனுடைய தாய் பத்மராணியின் புருஷன் லொறிச் சாரதி. பரந்தனுக்குக் கிட்ட நெல் மூட்டைகளோடு லொறி குடைசாய்ந்து அவர் செத்தபோது, கஜமுகன் அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தான். குவைத்தை அந்த மனிதர் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார். போனவள் பத்மராணி. பிள்ளையைக் கரவெட்டியில் தங்கச்சி நாகலக்ஷ்மியிடம் ஒப்படைத்துவிட்டு, ஏஜென்சிக்காரன் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, வீட்டு வேலைக்குப் போனாள். சமையல், உடுப்புத் தோய்ப்பு, யாரோ பெற்ற பிள்ளைகளின் பீ மூத்திரம், வெள்ளிக்கிழமைகளில் வந்து குவிகிற விருந்தாளிகள். ஈராக் படை வந்தபோது பாலைவனத்தைக் கடந்து ஜோர்தானில் ஒரு கூடாரத்தில் கிடந்து ஊர் வந்து சேர்ந்தாள். மகன் அப்போது இந்தியாவில் எஞ்சினியரிங் படிக்க நின்றான். சண்டை ஓய்ந்ததும் மறுபடியும் அதே குவைத்துக்கு, வேறொரு வீட்டுக்குப் போனாள். அவனுடைய இந்தியப் படிப்பும், டெக்சாஸில் படித்த மேற்படிப்பும், இப்போது ஜெர்சி சிட்டியில் இருந்துகொண்டு மன்ஹாட்டன் பாங்க் ஒன்றில் பார்க்கிற கொன்ட்ராக்ட் வேலையும் அந்தத் தோய்ப்புத் தண்ணீரில் முளைத்தவைதான். இதை அவள் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு விசிட்டர் விசாவில் மகனிடம் வந்தாள். ஜேர்னல் ஸ்குவேருக்குப் பக்கத்தில் அப்பார்ட்மென்ட். வந்த கிழமையே மகன் அவளை இருத்திப் பாடம் எடுத்தான். வெஸ்ட் வின்ட்சரில் இருக்கிற கிட்னி டொக்டர் அரியரட்ணத்தின் மகள் வதனியும் அவனும் விரும்பிவிட்டார்கள். பெரிய இடம். வதனியின் தாய் விசாலாக்ஷியின் தகப்பன் கொழும்பில் பிரபல சட்டத்தரணி. அங்கே போய் ஒரு லொறிச் சாரதியையும் ஒரு வேலைக்காரியையும் எப்படி வைப்பது? அதனால்தான் எஞ்சினியர்.

"நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை அம்மா. சும்மா இருந்தாக் காணும்," என்றான்.

சும்மா இருப்பதுதான் அவளுக்குத் தெரியாத ஒரே வேலை. டொக்டர் வீட்டுக்குச் சாப்பிடப் போனால், சாப்பாடு முடிந்ததும் கோப்பைகளை அடுக்க எழும்புகிற கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாராவது தண்ணீர் கேட்டால் கால் தானாக ஊன்றும், மகன் ஒரு பார்வை பார்ப்பான், மறுபடியும் உட்காருவாள். இப்படியே ஐந்து மாதம் எஞ்சினியர் பெண்சாதியாக இருந்து பாஸ் பண்ணிவிட்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இந்தக் கல்யாணம் நடக்கவேண்டும், அதை அவள் கண்ணால் பார்க்கவேண்டும், பிறகு பிள்ளையோடேயே இருக்கவேண்டும். அவனோடு ஒரே கூரையின் கீழ் அவள் இருந்த காலத்தைக் கூட்டிப் பார்த்தால் அந்தக் குவைத்துப் பிள்ளைகளோடு இருந்ததில் பாதிகூட வராது.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் வைத்தார்கள். விசாலாக்ஷி எதையும் மற்றவர்கள் மாதிரிச் செய்கிறவள் இல்லை. டொக்டரோடு வேலை செய்கிற வெள்ளைக்காரரும் வருவார்கள், வெறும் வடையையும் கேசரியையும் வைத்து முடிக்க முடியாது, ஒரு மேசை முழுக்க அரபுப் பண்டமாக வைக்கவேண்டும் என்று ஒரு யோசனை அவளுக்கு உதித்தது. பேரீச்சம்பழம், பிஸ்தா வைத்த இனிப்பு, பன்னீர், குங்குமப்பூ. பாட்டர்சனில் அரபுக்காரரின் கடைத்தெரு ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தாள்.

"எங்கட சம்பந்தி குவைத்தில இருந்தவ. அவவை விட ஆருக்குத் தெரியப்போகுது? சனிக்கிழமை ரெடியா இருங்கோ அக்கா, நான் வந்து பிக்கப் பண்ணுறன்," என்று போனில் சொன்னாள்.

கஜமுகனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"அங்க போய் அரபி கதைக்காதேங்கோ அம்மா."

"ஒண்டும் தெரியாதெண்டு இருந்தா நம்புவினமோ? அவ்வளவு வருசம் இருந்தவ எண்டு நீதானே சொன்னனி?"

அவன் யோசித்தான். அதுவும் நியாயம். "சரி, நாலஞ்சு சொல்லு கதையுங்கோ. வடிவா விலாசமா, பெரிய இடத்து ஆள் மாதிரிக் கதையுங்கோ. பாக் ஒண்டையும் தூக்காதேங்கோ. உங்கட ஹான்ட்பாக்கைத் தவிர வேற ஒண்டும் உங்கட கையில இருக்கக்கூடாது. விளங்குதோ?"

"விளங்குது தம்பி."

"இது பிழைச்சுதெண்டா எல்லாம் போச்சு."

இதைச் சொல்லும்போது அவன் கண் கலங்கியது. பத்மராணிக்கு நெஞ்சு உருகிவிட்டது. பிள்ளை எவ்வளவு ஆசைப்படுகிறான் என்று நினைத்தாள். எதைப் பார்த்து ஆசைப்படுகிறான் என்று அவள் யோசிக்கவில்லை. தாய்மார் யோசிக்க மாட்டார்கள்.

பாட்டர்சன் கடைத்தெருவில் காரை விட்டு இறங்கினபோதே அவளுக்கு மூக்கு நிறைந்தது. ஏலமும் சாம்பிராணியும் சுட்ட ரொட்டியும் ஆட்டிறைச்சியும் கலந்த மணம். இரண்டு பக்கமும் கடைகள். வாசலிலேயே ஒலிவ் காய்கள் பீப்பா பீப்பாவாக ஊறிக் கிடந்தன. சாக்குகளின் வாயைச் சுருட்டி விட்டு மிளகையும் காய்ந்த எலுமிச்சையையும் ரோசா மொட்டையும் குவித்து வைத்திருந்தார்கள். மூக்கு நீண்ட பித்தளைக் கோப்பிக் கூசாக்கள் பெரிதும் சிறிதுமாகக் கயிற்றில் தொங்கின. நகைக்கடை வாசலில் நின்று பெண்கள் உரத்துப் பேரம் பேசினார்கள். இறைச்சிக்கடைக்காரன் கத்தியைத் தீட்டிக்கொண்டே தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்தவனோடு சண்டையோ சுகசெய்தியோ, என்னவோ கத்திக்கொண்டிருந்தான். பத்மராணிக்கு அது சுகசெய்தி என்று தெரியும். சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அவளுக்குப் பயம் இருந்தது, ஆனால் ஒரு திட்டமும் இருந்தது. தான் குவைத்தில் சந்தைக்குப் போன மாதிரிப் போகக்கூடாது. தன்னைக் கூட்டிக்கொண்டு போன எசமானி எப்படிப் போவாளோ அப்படிப் போகவேண்டும். அந்த அம்மாள் ஒன்றையும் தொடமாட்டாள். விரலால் காட்டுவாள். கடைக்காரன் சொன்ன விலைக்கு முகத்தை மற்றப் பக்கம் திருப்புவாள். பிடிக்காவிட்டால் நாக்கால் ஒரு சத்தம். அவ்வளவுதான். பத்மராணி அதை அச்சொட்டாகச் செய்தாள். குங்குமப்பூக் கடையில் முதலில் எடுத்துக் காட்டியதை ஏறிட்டும் பார்க்காமல் நாக்கால் அந்தச் சத்தத்தைப் போட்டாள். கடைக்காரன் சிரித்தபடி உள்ளே போய் வேறொன்றைக் கொண்டுவந்தான். பேரீச்சம்பழக் கடையில் விரல் நீட்டினாள். "இது வேண்டாம், அது," என்று அரபியில் சொன்னாள். கடைக்காரன் "ஹாஜ்ஜா, ஹாஜ்ஜா" என்று மரியாதை வைத்துக் கூப்பிட்டுப் பணிவோடு நிறுத்துக் கொடுத்தான்.

"பாருங்கோவன், மகாராணி மாதிரி!" என்று விசாலாக்ஷி மகளைப் பார்த்துச் சொன்னாள். வதனி அங்கேயே பிறந்து வளர்ந்தவள், மெடிக்கல் படிக்கிறவள். "ஷீ இஸ் ஸோ கூல், மம்," என்றாள்.

பத்மராணிக்கு உச்சி குளிர்ந்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அந்த வெள்ளிக்கிழமை வீடுகளின் சோபாவில் தானும் போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது. மூட்டைகளை விசாலாக்ஷியும் வதனியும் தூக்கினார்கள். அவள் கையில் ஹான்ட்பாக் மட்டும். எனக்குக் கதையை இந்த இடத்தோடு நிறுத்திவிடத்தான் ஆசை. ஆனால் நடந்தது நடந்ததுதானே.

கடைசியாக இனிப்புக்கடை. பெரிய வட்டத் தட்டங்களில் பிஸ்தாத் தூள் தூவின இனிப்புகள் எண்ணெய் மினுங்கக் கிடந்தன. கடைக்காரி பாலஸ்தீனப் பெண், ஐம்பது வயதிருக்கும், பருத்த உடம்பு, சிரித்த முகம். பெரிய தொகைக்கு ஓர்டர் என்றதும் இவர்களை உள்ளே சுவரோரம் போட்டிருந்த நீள இருக்கையில் இருத்தினாள். அங்கே ஏற்கெனவே இரண்டு அரபுக் கிழவிகள் இருந்தார்கள். கதையோடு கதையாக, தான் குவைத்தில் பள்ளிக்கூட ரீச்சராக இருந்ததையும், சண்டைக்குப் பிறகு தங்கள் ஆட்களை அங்கே இருக்கவிடாமல் துரத்தியதையும் இங்கிலிஷில் சொன்னாள். "எங்கட அக்காவும் குவைத்துத்தான்!" என்று விசாலாக்ஷி தமிழிலேயே பூரித்தாள். பத்மராணி ஹான்ட்பாக்கை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். குவைத் என்ற சொல் மட்டும் விளங்கிய கடைக்காரி அவளைக் குனிந்து பார்த்துச் சிரித்துவிட்டு, கைபிடியில்லாத சின்னக் கோப்பைகளையும் கோப்பிக் கூசாவையும் தட்டத்தில் கொண்டுவந்து வைத்தாள். அதற்குள் முன்னால் யாரோ கூப்பிட, "இதோ வந்துவிட்டேன்," என்று போனாள்.

தட்டத்தில் கோப்பைகள் வெறுமையாக இருந்தன. கூசாவின் மூக்கிலிருந்து ஏல மணத்தோடு ஆவி வந்துகொண்டிருந்தது. விருந்தாளிகள் ஐந்து பேர் வெறுங்கையோடு இருக்கிறார்கள்.

அந்த நேரம் பத்மராணியின் மனதில் என்ன இருந்தது என்று கேட்டால், ஒன்றும் இருக்கவில்லை. மனம் இருந்திருந்தால் எழும்பியிருக்க மாட்டாள். குவைத்தில் அவள் இருந்த முதல் வீட்டில், விருந்தாளி கையில் கோப்பை வெறுமையாக இருந்ததற்காக எசமானியின் தாய் அவள் முதுகில் செருப்பால் போட்டிருக்கிறாள். முதுகுக்கு அது மறக்கவில்லை. அவள் எழும்பினாள். இடது கையால் கூசாவை எடுத்தாள். கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக வலது கையில் அடுக்கினாள். மூத்த கிழவியிலிருந்து தொடங்கி, கோப்பையில் கால்வாசிக்கு மேல் போகாமல், ஒரு சொட்டுச் சிந்தாமல், முகம் பார்க்காமல் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே வந்தாள். விசாலாக்ஷிக்கும் கொடுத்தாள். வதனிக்கும் கொடுத்தாள். தனக்கு ஊற்றவில்லை. முதுகைக் காட்டாமல் பின்னால் நடந்து சுவரோடு போய் நின்றாள், கூசா கையில், கண் கோப்பைகளில். ஹான்ட்பாக் இருக்கையில் தனியாகக் கிடந்தது.

திரும்பி வந்த கடைக்காரி அதைப் பார்த்துவிட்டு மனம்விட்டுச் சிரித்தாள். பாவம், அவளுக்கு ஒரு கபடமும் இல்லை.

"அம்மா, உங்களுக்கு நல்ல வேலைக்காரி வாய்த்திருக்கிறாள்!" என்று இங்கிலிஷில் விசாலாக்ஷியிடம் சொன்னாள். "குவைத்தில் பெரிய வீட்டில் பழகின கை. எங்கே பிடித்தீர்கள் இவளை? என் மகளுக்கும் இப்படி ஒருத்தி வேண்டும்."

வதனி சிரித்துவிட்டாள், பகிடி என்று நினைத்து. விசாலாக்ஷி சிரிக்கவில்லை. அவள் சட்டத்தரணியின் மகள்.

"வேலைக்காரி என்று எதைக் கண்டு சொல்கிறீர்கள்?" என்று நிதானமாகக் கேட்டாள்.

கடைக்காரி விளக்கினாள். வீட்டுப் பெண்கள் ஊற்றுவதும் உண்டு. ஆனால் ஊற்றிவிட்டுத் தாங்களும் உட்கார்ந்து குடிப்பார்கள். இப்படிச் சுவரோடு நின்று கோப்பையையே பார்த்துக்கொண்டிருப்பது வேலைக்காரி. அவளாக நிறுத்தக்கூடாது. விருந்தாளி போதும் என்று கோப்பையை இப்படி, மணிக்கட்டால், இரண்டு தரம் ஆட்டிக் காட்டவேண்டும். ஆட்டும் வரை அவள் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். "அதுதான் எங்கள் முறை," என்றாள்.

விசாலாக்ஷி தன் கோப்பையைக் குடித்து முடித்தாள். பத்மராணியை ஏறிட்டுப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கோப்பையை நீட்டினாள். ஆட்டவில்லை.

பத்மராணி போய் உட்கார்ந்திருக்கலாம். சிரித்துச் சமாளித்திருக்கலாம். "நல்ல பகிடி, தங்கச்சி," என்று ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். இதையெல்லாம் வீட்டில் இருந்து கதை கேட்கிற நாங்கள் சொல்லுவோம். அவள் வந்து ஊற்றினாள்.

விசாலாக்ஷி ஒரே மிடறில் குடித்தாள். மறுபடியும் நீட்டினாள். ஊற்றினாள். மறுபடியும். கிழவிகள் தங்கள் கோப்பைகளை எப்போதோ ஆட்டி வைத்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கசப்புக் கோப்பி, பழக்கமில்லாதவள் இரண்டாவதிலேயே முகம் சுளிப்பாள். விசாலாக்ஷி சுளிக்கவில்லை. உதட்டில் அந்த மெல்லிய சிரிப்பும் போகவில்லை.

"ஆட்டுங்கள் அம்மா, கோப்பையை ஆட்டுங்கள்," என்றாள் கடைக்காரி. தான் எதையோ உடைத்துவிட்டோம் என்று அவளுக்கு இப்போதுதான் விளங்கியது.

"எனக்கு இன்னும் வேணும்," என்று விசாலாக்ஷி தமிழில், பத்மராணிக்குச் சொன்னாள். "ஊத்தும்."

ஊத்துங்கோ இல்லை, ஊத்தும். காலையில் அக்கா, நீங்கள், சம்பந்தி. ஒரு கூசா கோப்பி முடிவதற்குள் மரியாதை இறங்கி வெறும் 'நீர்' ஆகிவிட்டாள்.

"மம், ஸ்டாப் இட்," என்று வதனி எழும்பினாள். தாய் திரும்பியும் பார்க்கவில்லை. வதனி ஒரு கணம் பத்மராணியைப் பார்த்தாள். நல்ல பிள்ளைதான். கூசாவை வாங்கி வைத்திருக்கலாம். அதைச் செய்யாமல், "ஐ'ல் பி இன் த கார்," என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். நல்ல பிள்ளைகள் பலர் அப்படித்தான், வெளியே போய்விடுவார்கள்.

கூசா காலியாகிற வரை அது நடந்தது. கடைசியில் மண்டிதான் விழுந்தது. விசாலாக்ஷி அந்த மண்டியைப் பார்த்துவிட்டு, கோப்பையைத் தட்டத்தில் கவிழ்த்து வைத்தாள்.

"நல்லா ஊத்துறீர்," என்றாள். "உம்மட மனுசன் எந்தக் கம்பனியில எஞ்சினியரா இருந்தவர் எண்டு சொன்னனீர்?"

விசாலாக்ஷி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இனிப்புப் பெட்டிகளைச் சுட்டிக்காட்டினாள். பத்மராணி அவற்றைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள். காரில் காலையில் அவள் இருந்து வந்த முன் சீட்டில் இப்போது பழங்களும் பன்னீர்ப் போத்தல்களும் இருந்தன. அவளுக்குப் பின் சீட்டில் இடம், மடியில் பெட்டிகள்.

டர்ன்பைக் நெடுஞ்சாலையில் வருகிற வழியெல்லாம் வதனி காதில் வோக்மன் மாட்டியிருந்தாள். பத்மராணி ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளை வந்து சொல்லுவான். "என்னைப் படிப்பிக்கத்தான் அம்மா போனவ, இதில என்ன வெக்கம்?" என்று ஒரு சொல் சொல்லுவான். அவனுக்கு வாய் இருக்கிறது, படிப்பு இருக்கிறது. அவன் சொன்னால் இவர்களும் கேட்பார்கள். அவன் சொல்லப்போகிறதைத் தனக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். அதில் கொஞ்சம் சுகமாகக்கூட இருந்தது.

விசாலாக்ஷி மேலே வந்து அப்பார்ட்மென்டில் சோபாவில் உட்கார்ந்தாள். வதனியும் பக்கத்தில் இருந்தாள். சனிக்கிழமையும் வேலைக்குப் போயிருந்த கஜமுகன் ஆற்றுக்கு அடியால் ஓடுகிற பாத் ரெயினில் வந்து கதவைத் திறந்தபோது, தாய் சமையலறை வாசலில் நிற்பதையும் மற்ற இருவரும் இருப்பதையும் கண்டு, வாசலிலேயே நின்றுவிட்டான்.

"கஜன், இரும்," என்றாள் விசாலாக்ஷி. "உம்மட அம்மா குவைத்தில வேலைக்காரியா இருந்தவவாம். இண்டைக்குத்தான் தெரிஞ்சுது. உமக்குத் தெரியுமோ?"

அவன் தாயைப் பார்த்தான். வதனியைப் பார்த்தான். மறுபடியும் தாயைப் பார்த்தான். பத்மராணி தலையைச் சற்று ஆட்டினாள். சொல்லு தம்பி, பயப்படாதே என்று.

"என்ன ஆன்ட்டி சொல்லுறீங்கள்?" என்றான். குரல் நடுங்கியது, அது நடிப்பில்லை. "வேலைக்காரியோ? எனக்கு... எனக்கு அப்பா எஞ்சினியர் எண்டுதானே சொல்லி வளத்தவ. நான் சின்னப்பிள்ளையில இருந்து சின்னம்மா வீட்டில. எனக்கு என்ன தெரியும்?" பிறகு தாயின் பக்கம் திரும்பினான். "அம்மா, என்ன இது? என்னட்டயும் பொய்யோ சொன்னனீங்கள்?"

கீழே தெருவில் பஸ் ஒன்று மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. பத்மராணி மகனின் கண்ணைப் பார்த்தாள். அது கெஞ்சியது. சின்ன வயதில், அவள் குவைத்துக்குப் போகிற அன்றைக்குப் போகாதே என்று கெஞ்சின அதே கண். அன்றைக்கு அவன் சொன்னதை அவள் கேட்கவில்லை.

"ஓம்," என்றாள். "அவனுக்கு ஒண்டும் தெரியாது. நான்தான் பொய் சொன்னனான்."

விசாலாக்ஷி நீண்ட மூச்சு விட்டாள். அவள் கெட்டிக்காரி, எது உண்மை என்று அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனால் நிச்சயதார்த்தத்துக்கு ஹோல் புக் பண்ணியாகிவிட்டது, ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது, மகளும் அழப்போகிறாள். அவளுக்கும் இந்தப் பொய் தேவைப்பட்டது. எடுத்துக்கொண்டாள்.

"தாய் செய்ததுக்குப் பிள்ளை என்ன செய்யும்?" என்று பெரிய மனதோடு சொன்னாள். "கல்யாணம் நடக்கும். ஆனா இவ இஞ்ச நிக்கக்கூடாது. நிச்சயதார்த்தத்துக்கு முன்னமே அனுப்பிப்போடும். சுகமில்லாமப் போட்டா எண்டு சொல்லலாம். எப்பிடியும் புருஷன் இல்லாதவ மணவறைக்கு வாறேல்லைத்தானே, ஒருத்தரும் துருவிக் கேக்க மாட்டினம். ரொறொன்ரோவில இருக்கிற உம்மட சின்னம்மாவையும் சித்தப்பாவையும் தாய் தகப்பன் ஸ்தானத்தில நிக்கச் சொல்லும்."

"சரி ஆன்ட்டி," என்றான் கஜமுகன்.

அவர்கள் போன பிறகு பத்மராணி சோற்றைச் சுடவைத்துப் போட்டுக் கொடுத்தாள். அவன் தலை குனிந்து சாப்பிட்டான். ஒரு சொல்லாவது சொல்லுவான் என்று மேசைப் பக்கத்திலேயே நின்றாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றுகூட வேண்டாம், "அம்மா" என்று ஒரு தரம் கூப்பிட்டால் போதும்.

"அந்தக் கூசாவைத் தொடாம இருந்திருக்கலாம்தானே?" என்றான். கையைக் கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டான்.

விமானத்துக்கு டிக்கெட் எடுப்பதற்கிடையில் பொய் வளர்ந்தது. கஜமுகன் இப்போது ரொறொன்ரோவில் இருக்கிற நாகலக்ஷ்மிக்குப் போன் எடுத்து, "நீங்களும் எனக்குச் சொல்லாம மறைச்சதெண்டு சொல்லுங்கோ சின்னம்மா," என்று கேட்டுக்கொண்டான். அவள் திட்டிவிட்டு, கடைசியில் ஓம் பட்டாள். வதனிக்கு ஒவ்வொரு இரவும் போனில் சொன்னான். தான் எப்படி ஏமாற்றப்பட்டேன், தன் குழந்தைப் பருவமே எப்படிப் பொய்யாகிவிட்டது என்று. வதனி அவனுக்காக அழுதாள். முந்தியதைவிட இப்போது அவன் மேல் அவளுக்கு அன்பு கூடிவிட்டது. அடுத்த அறையில் படுத்துக்கொண்டு பத்மராணி எல்லாவற்றையும் கேட்டாள். முதல் நாட்களில் அவன் சொற்களைத் தேடித் தேடிச் சொன்னான். போகப் போகத் தேடவில்லை.

அவனோடு வேலை செய்கிற நிரோஜன் ஒரு நாள் வீட்டுக்கு வந்தான். மரியாதையான பையன். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கஜமுகன் குளிக்கப் போயிருந்த நேரம் அவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"ஆன்ட்டி, நீங்கள் என்ன வேலை செய்தாலும் அதில பிழையில்லை. ஆனா அவனுக்காவது சொல்லியிருக்கலாம். சரியா உடைஞ்சுபோனான்."

"ஓம் தம்பி. பிழைதான்," என்றாள் பத்மராணி. அவனுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள்.

கொழும்பில் வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்பக்க அறை அவளுக்கு ஏற்பாடாகியது. கஜமுகன் அதில் குறை வைக்கவில்லை. ஃபான் இருக்கிற அறையாகப் பார்க்கச் சொன்னான். சூட்கேஸ் புதிதாக வாங்கினான். கூட்டிக்கொண்டு போக லீவும் போட்டான். நுவார்க் விமான நிலையத்தில் போர்டிங் பாஸ் எடுத்துக் கொடுத்து, கேட் வரைக்கும் கூட வந்தான். அப்போதெல்லாம் கேட் வரைக்கும் வரலாம். வேளைக்கே போய்விட்டதால் அங்கே ஆட்கள் இல்லை. இரண்டு பேரும் கண்ணாடிப் பக்கமாகப் போட்டிருந்த கதிரைகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

கஜமுகன் அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டான். ஆறு மாதத்தில் அவன் அப்படிக் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான். கடைசியில் வந்துவிட்டது, பிள்ளை சொல்லப்போகிறான், இதைக் கேட்டுக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போய்ச் சாகலாம் என்று பத்மராணிக்கு இருந்தது.

"அம்மா," என்றான். கண்ணில் தண்ணீர் நின்றது. "நீங்கள் என்னட்ட மறைச்சதை நான் மனசில வைச்சிருக்கேல்ல. நான் உங்களை மன்னிச்சிட்டன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். நடிக்கிறானா என்று தேடினாள். நடித்தால் தாங்கலாம், யாருக்காகவோ நடிக்கிறான், பாவம் என்று நினைத்துக்கொள்ளலாம். சுற்றிலும் பார்த்தாள். விசாலாக்ஷி இல்லை, வதனி இல்லை, நிரோஜன் இல்லை. தமிழ் தெரிந்த ஒரு சீவன் அந்த இடத்தில் இல்லை. அவன் கை சூடாக இருந்தது. மனமாரத்தான் சொல்லியிருந்தான்.

"சரி தம்பி," என்றாள் பத்மராணி.